எல்லா வயதினருக்கும் ஒரே மேடை: வேர்ல்ட் ஆஃப் டான்ஸ், டான்ஸ் தீவானே போன்ற போட்டிகளில் உண்மையில் யாருக்கு இடம்?

#1 சலங்கைமணி

வயது வரம்பு இல்லை என்று சொல்லி நடத்தப்படும் தொலைக்காட்சி நடனப் போட்டிகளைப் பற்றி இங்கே இதுவரை தனி இழை இல்லை. அதனால் நானே தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 2017 மே மாதம் தொடங்கி 2020 வரை நான்கு பருவங்கள் ஓடிய ‘வேர்ல்ட் ஆஃப் டான்ஸ்’ பலருக்கும் நினைவிருக்கும். பரிசு பத்து லட்சம் டாலர். நடுவர்கள் ஜெனிஃபர் லோபஸ், நீ-யோ, டெரெக் ஹஃப். அதற்கு முன்பு பெயர் பெற்றிருந்த ‘சோ யூ திங்க் யூ கேன் டான்ஸ்’ நிகழ்ச்சிக்கு 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களே விண்ணப்பிக்க முடிந்தது. 2016இல் மட்டும் அதைச் சிறுவர்களுக்காக மாற்றினார்கள். வேர்ல்ட் ஆஃப் டான்ஸ் அந்த வேலியை எடுத்துவிட்டது. தனியாள், இணை, குழு என யாரும் வரலாம். எந்த நாட்டிலிருந்தும், எந்த ஆடல் வடிவத்தோடும் வரலாம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஆனால் பிரிவுகளில் வென்றவர்கள் கடைசியில் ஒரே மேடையில் ஒரே பரிசுக்கு மோத வேண்டும். முதல் பருவத்தின் இறுதிச் சுற்றில் பதினான்கு வயது ஈவா ஐகோ தனியாக ஆடினார். எதிரே நின்றவர்களில் பியோன்சேயின் இசைப் பயணங்களில் ஆடித் தேர்ந்த பிரான்ஸ் இரட்டையர் லே ட்வின்ஸும் உண்டு. பட்டம் அவர்களுக்குப் போனது.

அடுத்த ஆண்டு கணக்கு தலைகீழானது. 2018இல் கலிஃபோர்னியாவின் ‘தி லேப்’ என்ற சிறுவர் குழு பெரியவர்களை எல்லாம் தாண்டி வென்றது. 2019இல் சுரேஷ் முகுந்தின் இயக்கத்தில் மும்பையின் ‘தி கிங்ஸ்’. 2020இல் எம்டிசி 3 என்ற இளம் மூவர்.

சிறுவர்கள் பெரியவர்களோடு மோதலாமா என்றுதான் எல்லோரும் விவாதித்தார்கள். என் கேள்வி மறுபக்கத்தைப் பற்றியது. வென்ற நான்கு அணிகளிலும் நடுவயதைக் கடந்தவர் எவரும் இல்லை. நம் நாட்டில் கலர்ஸ் தொலைக்காட்சி 2018இல் தொடங்கிய ‘டான்ஸ் தீவானே’ இதையே முதன்மைக் கருத்தாக வைத்தது. சிறுவர், இளைஞர், மூத்தோர் என மூன்று தலைமுறைக்கும் இடம்; நடுவர் குழுவில் மாதுரி தீட்சித். இதுவரை வந்த நான்கு பருவங்களில் மூன்றாம் தலைமுறை ஒருமுறைகூடப் பட்டம் பெறவில்லை.

எல்லா வயதினருக்கும் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வைத்திருக்கும் மதிப்பெண் தாளை ஒரே வயதுக்கு ஏற்ப எழுதிவிடுகிறார்கள் என்பதே என் வாதம். வேர்ல்ட் ஆஃப் டான்ஸின் முதல் பருவத்தில் நிகழ்த்தும் ஆற்றல், நுட்பம், நடன அமைப்பு, படைப்பாற்றல், மேடைத் தோற்றம் என ஐந்துக்கும் தலா 20 மதிப்பெண். காகிதத்தில் நியாயமாகத் தெரிகிறது. ஆனால் அரங்கம் எழுந்து நின்று கத்துவது குட்டிக்கரணத்துக்கும், ஆளை உயரத் தூக்கி எறிந்து பிடிப்பதற்கும்தான். நடுவர்களும் அந்த அரங்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்?

உங்கள் கருத்துகளை எழுதுங்கள். ஆடுபவர்கள் இருந்தால் கூடுதல் மகிழ்ச்சி.

#2 வைகைக்கரையான்

அண்ணா, நான் மதுரையில் ஹிப்ஹாப் குழு ஒன்றில் ஆடுகிறேன். உங்கள் கருத்தில் பாதியை மட்டுமே என்னால் ஏற்க முடிகிறது.

தெரு நடனத்தில் வட்டமாக நின்று ஒருவர் மாற்றி ஒருவர் நடுவில் இறங்குவோம். அந்த வட்டத்தில் யாரும் யாருடைய வயதையும் கேட்பதில்லை. பள்ளிச் சீருடையோடு ஒரு பையன் வந்து எங்கள் குழுவின் மூத்தவரை மடக்கிவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். அவனைத் தனிப் பிரிவில் நிறுத்தியிருந்தால் அந்த மரியாதை அவனுக்குக் கிடைத்திருக்காது.

குழு நடனத்தில் வயதைப் பிரிப்பது இன்னும் கடினம். 2009இல் ‘பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்’ இறுதியில் பாடகி சூசன் பாய்லை முந்திய டைவர்சிட்டி குழுவைப் பாருங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர்களும் இருபதைத் தாண்டியவர்களும் ஒரே வரிசையில் ஆடினார்கள். அந்த உயர வேறுபாட்டை வைத்தே ஆஷ்லி பாஞ்சோ நடனத்தை அமைத்தார். வயதுப் பிரிவு என்று கோடு கிழித்திருந்தால் அந்தக் குழுவே உருவாகியிருக்காது.

தி கிங்ஸ் வென்றதைக் கரணம் அடித்து வென்றதாகச் சுருக்கிவிடாதீர்கள். மும்பையின் புறநகரில் தொடங்கிய குழு அது. 2015இல் சான் டியேகோ உலக ஹிப்ஹாப் போட்டியில் வெண்கலம் பெற்றது. 2019 இறுதியில் அவர்கள் ஆடியதைத் திரும்பப் பாருங்கள். பதினான்கு பேரின் தலைத் திருப்பம்கூட ஒரே நொடியில் விழுகிறது. கரணத்தை யாரும் சில மாதங்களில் பழகலாம். அந்த ஒருமைக்கு ஆண்டுகள் வேண்டும்.

#3 கொங்கு ஆடலாசிரியை

கோவையில் சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் மேற்கத்திய நடனம் கற்பிக்கிறேன். உடல் சார்ந்த ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்க வேண்டும்.

பத்து வயதுப் பிள்ளைக்கும் இருபத்தைந்து வயது இளைஞருக்கும் ஒரே அசைவு ஒரே அளவு கடினமாக இருப்பதில்லை. சிறிய உடல் காற்றில் வேகமாகச் சுழலும். மூட்டுகள் இளகியிருப்பதால் பிள்ளை முதுகை வளைத்துக் காலைத் தலைக்கு மேலே கொண்டு வந்துவிடும். பார்க்கிறவர்கள் வாய் பிளப்பார்கள். அதே பிள்ளையிடம் ஒரு மெதுவான அசைவைத் தள்ளாடாமல் முடிக்கச் சொல்லுங்கள், திணறும். வளர்ந்தவரிடம் தசை வலு, தாவும் உயரம், இசைக்குள் காத்திருக்கும் பொறுமை எல்லாம் இருக்கும். ஆகவே ஒரே மேடையில் மோதும்போது யாருக்குச் சாதகம் என்பதை நடுவர் எதைப் பார்த்து வியக்கிறார் என்பதே முடிவு செய்கிறது. சலங்கைமணி சொன்னதை இந்த அளவில் ஏற்கிறேன்.

ஆனால் நான் அஞ்சுவது வேறொன்றை. வளைவுக்கு மதிப்பெண் கிடைக்கிறது என்று தெரிந்ததும் பயிற்சிக் கூடங்களில் வளைவு கூடிக்கொண்டே போகிறது. வளரும் வயதில் கீழ் முதுகைத் திரும்பத் திரும்பப் பின்னால் மடக்கினால் முதுகெலும்பில் நுண்முறிவு வரும். ஜிம்னாஸ்டிக்ஸ் உலகம் இதை நன்றாக அறியும். சர்வதேசப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் 1997 முதல் குறைந்தபட்ச வயது 16. பெய்ஜிங் 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் பதினைந்து வயது வீராங்கனையின் ஊக்கமருந்து விவகாரத்தால் நடந்த குழப்பத்துக்குப் பிறகு பனிச்சறுக்கு நடனத்திலும் 15இலிருந்து படிப்படியாக 17க்கு உயர்த்தினார்கள். விளையாட்டு என்று பெயர் வைத்தால் வயதுக் காப்பு வருகிறது. கலைநிகழ்ச்சி என்று பெயர் வைத்தால் அந்தக் காப்பு காணாமல் போகிறது. உடல் ஒன்றுதானே?

பெரியவர்களுக்கும் ஆபத்து உண்டு. 2020இல் ‘அமெரிக்காஸ் காட் டேலண்ட்: தி சாம்பியன்ஸ்’ பட்டத்தை வென்ற மும்பைக் குழு வி.அன்பீட்டபிள். ரஜினிகாந்த் படப் பாடலுக்கு அவர்கள் ஆடியதை நம்மவர்கள் கொண்டாடினார்கள். பெயரின் முன்னால் இருக்கும் ‘வி’ ஏன் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பயிற்சியின்போது அடிபட்டு, பிறகு இறந்துபோன தோழனின் பெயரின் முதல் எழுத்து அது. அந்தக் குழுவின் ஒவ்வொரு தாவலையும் நான் அந்த நினைவோடுதான் பார்க்கிறேன். என் மாணவர்களுக்கும் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் காணொளியைப் போட்டுக் காட்டுவேன்.

#4 குன்றத்தூரான்

ஆசிரியை அவர்களுக்கு நன்றி. பெற்றோர் தரப்பிலிருந்து எழுதுகிறேன். என் மகள் ஒன்பது வயதில் ஒரு தொலைக்காட்சி நடனப் போட்டியில் கலந்துகொண்டாள். நிகழ்ச்சியின் பெயர் வேண்டாம்.

காலையில் வரச் சொன்னார்கள். ஒப்பனை முடிந்து பிள்ளை மேடையேறியபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. நடுவில் தூங்கிவிட்டாள். எழுப்பி, முகம் கழுவி, மீண்டும் ஒப்பனை போட்டு ஆடவிட்டார்கள். ஆடிய பிறகு பாராட்டு காட்சிக்காக இன்னொரு முறை. பெரியவர்களும் காத்திருந்தார்கள்; அவர்கள் தாங்கிக்கொண்டார்கள். எல்லா வயதினரையும் ஒரே மேடையில் ஏற்றும்போது எல்லோருக்கும் ஒரே படப்பிடிப்பு அட்டவணையையும் மாட்டிவிடுகிறார்கள். மதிப்பெண்ணைவிட இதுதான் பெரிய அநியாயம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகுதான் தேடிப் படித்தேன். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. 2017 விதிகளின்படி, 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாட்களுக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்அனுமதி பெற வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் இருக்க வேண்டும். கிடைக்கும் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும்.

இவை எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. படப்பிடிப்புத் தளத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியவர் இல்லை. கேள்வி கேட்டால் பிள்ளையை அடுத்த சுற்றுக்கு அனுப்ப மாட்டார்களோ என்ற பயத்தில் பெற்றோரும் பேசுவதில்லை. 2019 ஜூனில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் தொலைக்காட்சிகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. நடன நிகழ்ச்சிகளில் குழந்தைகளைப் பெரியவர்களுக்குரிய பொருத்தமற்ற அசைவுகளோடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். அப்படி ஓர் அறிவுரை தேவைப்பட்ட நிலையே எங்கே இருந்தோம் என்று சொல்லிவிடுகிறது.

இந்த இழையைப் படிக்கும் பெற்றோர் யாராவது இருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஆட்சியர் அனுமதியின் நகலைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

#5 தொகுப்பறை

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தொகுக்கும் வேலையில் இருக்கிறேன். குன்றத்தூரான் சொன்ன அட்டவணைக் கொடுமை உண்மை. அதைப் பார்த்தவன் என்ற முறையில் உறுதிப்படுத்துகிறேன். ஒரே நாளில் இரண்டு மூன்று பகுதிகளை எடுத்து முடித்தால் அரங்க வாடகை, விளக்கு, கேமரா எல்லாம் மிச்சம். நேரம் நீள்வதற்குக் காரணம் அதுதான்.

முதியவர்கள் ஏன் வெல்வதில்லை என்பதற்கு என் தரப்பிலிருந்து ஒரு விளக்கம். தேர்வின்போதே ஒவ்வொரு போட்டியாளருக்கும் ஒரு கதை எழுதப்பட்டுவிடுகிறது. ஐம்பது வயது அம்மா ஒருவர் வந்தால் அவருடைய கதை “கனவை மறக்கவில்லை” என்பது. அவர் வீட்டில் சமைப்பதைப் படமெடுப்போம். மகன் கண்கலங்குவதைப் படமெடுப்போம். அவர் ஆடி முடித்ததும் நடுவர் மேடைக்கு வந்து காலைத் தொட்டு வணங்குவார். அந்தக் கணத்திலேயே அவருடைய கதை முடிந்துவிடுகிறது. அடுத்த வாரம் அவரைப் பற்றிச் சொல்ல எங்களிடம் புதிதாக எதுவும் இல்லை. இளைஞரின் கதை அப்படி முடிவதில்லை. அவர் தோற்பார், எழுவார், இன்னும் கடினமானதைக் கற்றுக்கொண்டு வருவார். பதினைந்து வாரம் ஓட்ட அந்தக் கதை தாங்கும்.

இன்னொன்று. மூத்தவர்களின் ஆடலைப் படமெடுக்கும்போது முகத்துக்கு அருகே போக வேண்டும். கையின் சிறு அசைவுக்குப் பொறுமையாக நிற்க வேண்டும். எங்கள் கேமராக்கள் கிரேனில் பறந்துகொண்டிருக்கும். இரண்டு நொடிக்கு ஒரு வெட்டு. அந்த வேகத்தில் அவருடைய ஆட்டம் வீட்டில் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. நானே வெட்டியிருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்: அரங்கில் நன்றாக இருந்த ஆட்டம் திரையில் வெறுமையாகிப் போவது அடிக்கடி நடக்கும்.

#6 மயிலை ரசிகர்

தொகுப்பறை எழுதியதைப் படித்து மனம் கனத்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் சபாக்களில் பரதம் பார்க்கிறவன் நான். முகத்துக்கு அருகே போக வேண்டும் என்கிறீர்களே, எங்கள் கலையே முகத்தில்தான் இருக்கிறது.

பாலசரஸ்வதி அம்மையாரின் அரங்கேற்றம் 1925இல் காஞ்சிபுரத்தில் நடந்தபோது அவருக்கு வயது ஏழு. இன்றைய தொலைக்காட்சி அவரைச் சிறுவர் பிரிவில் சேர்த்திருக்கும். அவரைப் பற்றி சத்யஜித் ராய் ஆவணப்படம் எடுத்தது 1976இல். அப்போது அவருக்கு 58 வயது. உடல் கனத்திருந்தது, தாவல் இல்லை, வேகம் இல்லை. கண்ணனை அழைக்கும் ஒரு பதத்துக்கு அவர் கைநீட்டும் விதத்தை அந்தப் படத்தில் பாருங்கள். ஏழு வயதில் அவருக்கு அது வந்திருக்க முடியாது. இருபதிலும் வந்திருக்காது.

இது நம் மரபுக்கு மட்டும் உரிய பார்வை என்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பாவில் நெதர்லாந்து நடன அரங்கின் இயக்குநர் யிரி கிலியான் 1991இல் நாற்பதைக் கடந்த நடனக் கலைஞர்களுக்கென்றே ஒரு குழுவை அமைத்தார். 2006 வரை அது இயங்கியது. இளைஞர் ஆடியதை அவர்களுக்கு எளிமைப்படுத்திக் கொடுக்கவில்லை. அந்த உடல்களுக்கு மட்டுமே பொருந்தும் நடனங்கள் அவர்களுக்காகப் படைக்கப்பட்டன. ஜப்பானின் கசுவோ ஓனோ தொண்ணூறைக் கடந்தும் மேடையேறினார்.

ஆகவே சலங்கைமணி அவர்களே, மூத்தவர்களை இளைஞர்களுக்கு எதிரே நிறுத்தி ஏன் வெல்லவில்லை என்று கேட்பதே எனக்கு வருத்தமாக இருக்கிறது. போட்டியே வேண்டாம். அவர்களுக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள், ஒரு நல்ல கேமராவைக் கொடுங்கள். போதும்.

#7 தேம்ஸ்கரைத் தமிழ்

மயிலை ரசிகர் ஐயா, போட்டியே வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. போட்டியில்தான் தங்களை நிறுவ வேண்டும் என்று விரும்பும் மூத்தவர்களும் இருக்கிறார்கள்.

பிரிட்டனில் பேடி ஜோன்ஸ் என்ற அம்மையாரை எல்லோரும் அறிவார்கள். 1934இல் பிறந்தவர். தன்னைவிடப் பல பத்தாண்டுகள் இளையவரான நீக்கோவோடு சால்சா ஆடுவார். 2009இல் ஸ்பெயின் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் இருவரும் வென்றார்கள். 2014இல் இங்கே பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்டுக்கு வந்தபோது அவருக்கு வயது 79. முதலில் மெதுவாக ஆடினார்கள். சைமன் கவல் சலித்துப்போய் நிராகரிப்பு மணியை அழுத்திவிட்டார். அதன் பிறகுதான் வேகம் பிடித்தது; அந்த அம்மையாரைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றினார் நீக்கோ. அரங்கமே எழுந்தது. நடுவர் அமாண்டா ஹோல்டன், நேராக அரையிறுதிக்கு அனுப்பும் தங்கப் பொத்தானை அழுத்தினார்.

இதில் சலங்கைமணி சொல்வதும் இருக்கிறது. அவர் எழுபத்தொன்பதிலும் மதிக்கப்பட்டது, இருபது வயதுக்காரர் செய்வதைச் செய்து காட்டியதால்தான். ஆனால் இங்கேயே இன்னொரு முறை உண்டு. ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்’ நிகழ்ச்சியில் பிரபலங்கள் தொழில்முறைக் கலைஞர்களோடு இணைந்து ஆடுவார்கள். இறுதிச் சுற்றில் நடுவர் மதிப்பெண் வெறும் கருத்துதான். பட்டத்தை முடிவு செய்வது மக்கள் வாக்கு. 2020இல் நகைச்சுவைக் கலைஞர் பில் பெய்லி 55 வயதில் வென்றார். 2024இல் பார்வையற்றவரான கிறிஸ் மக்காஸ்லண்ட் 47 வயதில் வென்றார். வேர்ல்ட் ஆஃப் டான்ஸில் மக்கள் வாக்கு என்ற ஒன்றே இல்லை. அங்கேயும் இருந்திருந்தால் முடிவுகள் மாறியிருக்கலாம்.

#8 வைகைக்கரையான்

மக்கள் வாக்கு வேண்டவே வேண்டாம். பில் பெய்லியை ஏற்கெனவே பிரிட்டன் முழுவதும் அறியும். முகம் தெரியாத ஐம்பது வயதுக்காரருக்கு யார் வாக்குப் போடுவார்கள்? நம் ஊரில் வாக்கு என்றால் சொந்த ஊர், சாதி, ரசிகர் மன்றம் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

சலங்கைமணி அண்ணா மதிப்பெண் தாளைப் பற்றிச் சொன்னதை இரண்டு நாட்களாக யோசித்தேன். எங்கள் துறையிலேயே அதற்கு விடை இருக்கிறது.

பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் பிரேக்கிங், அதாவது பிரேக் டான்ஸ், இடம்பெற்றது. அங்கும் ஐந்து அளவுகோல்கள்: நுட்பம், அசைவுகளின் வளம், பிசகின்றி முடித்தல், இசையோடு இசைவு, தனித்தன்மை. ஒவ்வொன்றுக்கும் 20 சதவீதம். தனித்தனியாக மதிப்பெண் போடுவதில்லை. இருவர் எதிரெதிரே ஆடுவார்கள். ஒவ்வோர் அளவுகோலிலும் யார் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று நடுவர் ஒரு கோட்டில் நகர்த்திக் காட்டுவார். இசைவுக்கும் தனித்தன்மைக்கும் மட்டும் சேர்த்து 40 சதவீதம் என்பதைக் கவனியுங்கள். தலையில் சுற்றத் தெரிந்தால் மட்டும் வெல்ல முடியாது.

இதன் பலன் என்ன தெரியுமா? 2021 உலகச் சாம்பியன் போட்டியில் பெண்கள் பிரிவில் வென்றவர் ஜப்பானின் அயுமி. வயது 38. 2023இல் அதே பட்டத்தை வென்றவர் லித்துவேனியாவின் நிக்கா. வயது 16. ஒரே போட்டி, இரண்டே ஆண்டு இடைவெளி. பாரிஸுக்கு இருவரும் வந்தார்கள். நிக்கா வெள்ளி பெற்றார், அயுமி 41 வயதில் ஆடினார். பிரேக்கிங்கைப் போல உடலை வருத்தும் ஆடல் வேறெது? அதிலேயே 38ம் 16ம் ஒரே பட்டத்தைத் தொட முடிகிறது என்றால், தொலைக்காட்சியில் ஏன் முடியாது?

அளவுகோல் சரியாக இருந்தால் வயதைப் பிரிக்கவே வேண்டாம். இதுதான் என் முடிவு.

#9 சலங்கைமணி

தம்பி, அருமை. நான் தேடிக்கொண்டிருந்த சான்று இதுதான். அயுமி, நிக்கா இருவரையும் ஒரே பட்டியலில் இதுவரை யாரும் எனக்குக் காட்டியதில்லை.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வேர்ல்ட் ஆஃப் டான்ஸ் தாளில் இசை என்ற சொல்லே இல்லை. நிகழ்த்தும் ஆற்றல், மேடைத் தோற்றம் இரண்டும் ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் அளக்கின்றன. நூற்றில் நாற்பது அங்கே போய்விடுகிறது. இசையைக் கேட்டு ஆடுவது என்பது வயதாக ஆகக் கூடும் திறன். அதற்கு ஓர் இடமும் ஒதுக்காத தாளை வைத்துக்கொண்டு எல்லா வயதினரும் வாருங்கள் என்று அழைக்கிறார்கள்.

மயிலை ரசிகர் ஐயா, போட்டி வேண்டாம் என்ற உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஒரு மணி நேரமும் நல்ல கேமராவும் யார் கொடுக்கப்போகிறார்கள்? போட்டி என்ற பெயர் இருந்தால்தான் விளம்பரம் வருகிறது, விளம்பரம் வந்தால்தான் மேடை வருகிறது. அந்த மேடைக்குள் உங்கள் பாலசரஸ்வதி அம்மையாருக்கான இடத்தைக் கேட்டு வாங்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

#10 கொங்கு ஆடலாசிரியை

வைகைக்கரையான் ஒன்றை விட்டுவிட்டார். பாரிஸ் பிரேக்கிங்கில் அந்த ஆண்டுக்குள் 16 வயது நிரம்பாதவர்களுக்கு இடமில்லை. அதாவது மேலே எல்லை இல்லை, கீழே உண்டு. அந்தப் போட்டி அவ்வளவு நியாயமாக நடப்பதற்கு அந்தக் கீழ் எல்லையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளையை எதிரே நிறுத்தினால் எந்த நடுவரும் முழுமையாக நடுநிலையில் இருக்க மாட்டார். பிள்ளை அழுதுவிடுமோ என்ற எண்ணம் அவர் கையை நகர்த்தும்.

நம் நாட்டிலும் வயதைப் பிரித்து நடத்திய அனுபவம் இருக்கிறது. 2009இல் தொடங்கிய ‘டான்ஸ் இந்தியா டான்ஸ்’ அடுத்த ஆண்டே பிள்ளைகளுக்கென்று ‘லிட்டில் மாஸ்டர்ஸ்’ நடத்தியது; 2013இல் தாய்மார்களுக்கென்று ‘சூப்பர் மாம்ஸ்’. என் வகுப்புக்குத் திருமணமான பெண்கள் வரத் தொடங்கியது அந்தத் தாய்மார் நிகழ்ச்சிக்குப் பிறகுதான். அதற்கு முன்பு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். தன்னைப் போன்ற ஒருத்தி பட்டம் வாங்குவதைப் பார்த்த பிறகுதான் உள்ளே வந்தார்கள். எல்லா வயதினரும் கலந்த நிகழ்ச்சியில் முதல் வாரமே கண்ணீரோடு வழியனுப்பப்படும் பெண்ணைப் பார்த்து யாரும் சலங்கை கட்டுவதில்லை.

அதனால் தனிப் பிரிவை அவ்வளவு எளிதில் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

#11 குன்றத்தூரான்

கீழ் எல்லை வேண்டும் என்பதில் ஆசிரியையோடு முழுமையாக உடன்படுகிறேன். எல்லை வைக்க மனமில்லை என்றால், குறைந்தது பிள்ளைகள் ஆடும் பகுதிகளைப் பகலிலேயே எடுத்து முடிக்கட்டும். தொகுப்பறை, உங்கள் துறையில் இது நடக்கக்கூடியதா? நேராகப் பதில் சொல்லுங்கள்.

#12 தொகுப்பறை

நடக்கக்கூடியதுதான். பிள்ளைகளின் ஆட்டங்களை முதலில் எடுத்துவிட்டு, நடுவர்களின் எதிர்வினையைப் பிறகு தனியாக எடுத்துச் சேர்க்கலாம். ஒளிபரப்பில் வரிசை மாறியதே தெரியாது. திரைப்படங்களில் தினமும் செய்வதுதான். ஆனால் அதற்கு இயக்குநர் குழு முன்கூட்டியே திட்டமிட வேண்டும்; அரை நாள் கூடுதலாக ஆகலாம். அந்த அரை நாளின் செலவை யாரும் தானாக முன்வந்து ஏற்பதில்லை. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒருவர் தளத்துக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்தால் அடுத்த நாளே எல்லாம் மாறும்.

#13 மயிலை ரசிகர்

சலங்கைமணி அவர்களே, கேட்டு வாங்கலாம் என்றீர்கள். சரி. இரண்டு சுற்றுகளில் ஒன்றை விளக்கு, புகை, கிரேன் எதுவும் இல்லாமல், ஒரே கேமரா முன்னால், நேரடி இசைக்கு ஆட வைக்கட்டும். இளைஞர்களுக்கும் அதே விதி. பாடகர் எதிர்பாராத இடத்தில் ஒரு வரியை மீண்டும் பாடட்டும். யார் கேட்கிறார்கள், யார் எண்ணிக்கொண்டு ஆடுகிறார்கள் என்று அப்போது தெரிந்துவிடும். அந்தச் சுற்றுக்கு நான் தொலைக்காட்சி முன்னால் உட்காருவேன்.

#14 வைகைக்கரையான்

ஐயா, நாங்கள் வட்டத்தில் செய்வது அதுதான்! பிரேக்கிங்கில் எந்தப் பாட்டு வரும் என்று ஆடுபவருக்கு முன்கூட்டியே தெரியாது. டிஜே போடுவதைக் கேட்டுத்தான் ஆட வேண்டும். நீங்கள் சபாவில் கேட்பதும் நாங்கள் தெருவில் கேட்பதும் ஒன்றாக இருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. மதுரைப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், எங்கள் வட்டத்துக்கு அழைத்துப் போகிறேன்.

ஆசிரியை அக்கா, கீழ் எல்லையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் 16 என்பது எங்கள் பையன்களுக்கு மிக அதிகம். 12 என்று வைத்தால் சம்மதமா?

#15 கொங்கு ஆடலாசிரியை

தம்பி, 14. சட்டம் பிள்ளை என்று சொல்வது அதுவரைதான். அதற்குக் கீழே இருப்பவர்கள் ஆடட்டும். பரிசுத்தொகைக்காக மோத வேண்டாம்.

#16 சலங்கைமணி

14 என்றால் ஈவா ஐகோ உள்ளே வந்துவிடுவார். தி லேப் பிள்ளைகளில் பலர் வெளியே நிற்க வேண்டியிருக்கும். அந்த விலையைக் கொடுக்கலாமா என்பதில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. 2018 இறுதியில் அவர்கள் ஆடியதைப் பார்த்தவர்கள் தங்கள் கருத்தை எழுதுங்கள். குறிப்பாகச் சிறுவர் குழுக்களுக்குப் பயிற்சி அளிப்பவர்கள் யாராவது இருந்தால், பிள்ளைகளே என்ன சொல்கிறார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள்.